தோன்றா எழுவாய்

கேள்வி: வணக்கம் ஐயா. சென்னையில் ஓர் ஆலோசனை நிறுவனத்தில் வேல்யூ இன்ஜினியராக, அதாவது ஒரு பொருளோ கட்டடமோ செய்ய வேண்டிய வேலை குறையாமல் செலவைக் குறைக்க வழி தேடுபவராக, இருக்கிறேன். ஒன்பது வருட அனுபவம், சான்றிதழும் உண்டு. சமீபத்தில் மேற்படிப்பில் பீட்டர் செக்லாண்டின் சாஃப்ட் சிஸ்டம்ஸ் முறையை, அதாவது ஒரே சிக்கலை ஆளுக்கொரு விதமாகப் பார்க்கும் இடங்களுக்கான மென்முறையை, படித்தேன். ஒரு மாவட்டத் தலைநகரில் பழைய பேருந்து நிலையத்தை இடித்துக் கட்டும் திட்டத்துக்கு வொர்க்‌ஷாப் நடத்தியபோது, முதல் நாள் காலையில் ரிச் பிக்சர் (யார் யார், யாருக்கு என்ன கவலை, எங்கே சண்டை என்று காட்டும் படம்) வரைந்து சுவரில் ஒட்டினேன். வந்திருந்த மூத்த பொறியாளர், "என்னம்மா இது, டிராயிங் கிளாஸா? எத்தனை சதவீதம் குறையும்னு சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். படத்தைச் சுருட்டி வைத்துவிட்டு, வழக்கம்போல் ஃபாஸ்ட் டயக்ராம் (செய்ய வேண்டிய வேலைகளை 'ஏன்', 'எப்படி' என்று கோக்கும் வரைபடம்) போட்டு முடித்தேன். சேமிப்புக் கணக்கு நன்றாக வந்தது. ஆனால் மூன்று மாதம் ஆகியும் எங்கள் பரிந்துரைகளில் எதுவும் நகரவில்லை. என் மேலாளர், "கிளையன்ட் காசு கொடுப்பது சேமிப்புக்கு, தத்துவத்துக்கு இல்லை" என்கிறார். இந்த மென்முறைகளை நம் தொழிலுக்குள் கொண்டுவர வழி உண்டா? அல்லது படிப்போடு விட்டுவிட வேண்டியதுதானா?

— பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்:

வழி உண்டு. படிப்போடு விட்டுவிடாதீர்கள். நீங்கள் வரைந்த படத்தில் தவறில்லை. அதை ஒட்டிய இடமும் வேளையும்தான் சரியில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கடிதத்தில் அடுத்தடுத்து வரும் இரண்டு வரிகளை மறுபடி படித்துப் பாருங்கள். சேமிப்புக் கணக்கு நன்றாக வந்தது. பரிந்துரைகளில் எதுவும் நகரவில்லை. இரண்டுக்கும் நடுவில் 'ஆனால்' போட்டிருக்கிறீர்கள். நான் பார்த்த பல திட்டங்களில் அந்த இடத்தில் 'அதனால்' என்றுதான் போட வேண்டியிருந்தது. யாருக்கு எது முக்கியம் என்ற சண்டையை அறைக்குள் வரவிடாததால்தான் கணக்கு அவ்வளவு சீக்கிரம் ஒழுங்காக வந்தது. அந்தச் சண்டை வெளியே வராந்தாவில் காத்திருக்கும். கோப்பு அந்த வழியாகத்தானே போக வேண்டும்.

நம் தொழிலின் முதல் பாடத்திலிருந்தே தொடங்குவோம். ஒரு பொருளின் ஃபங்ஷனை, அதாவது அது செய்ய வேண்டிய வேலையை, இரண்டு சொல்லில் சொல்ல வேண்டும்: ஒரு பெயர், ஒரு வினை. 'எடையைத் தாங்கு.' 'நீரைத் தடு.' 'பேருந்தை நிறுத்து.' இந்தப் பயிற்சியின் பலம் பெரியது. 'தூண்' என்ற சொல்லை விட்டுவிட்டு 'எடையைத் தாங்கு' என்று சொன்ன உடனே, தூண் இல்லாத வழிகளும் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும். இதை நான் ஒருநாளும் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பள்ளிக்கூட இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இரண்டு சொற்களைப் பாருங்கள். பயனிலை இருக்கிறது, செயப்படுபொருள் இருக்கிறது, எழுவாய் இல்லை. யார் நிறுத்துகிறார்கள்? யாருக்காக? நான்காம் வேற்றுமைக்கும் அங்கே இடமில்லை.

லாரன்ஸ் மைல்ஸ் 1947 வாக்கில் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் கொள்முதல் பிரிவில் இருந்துகொண்டு இந்த முறையை உருவாக்கியபோது அது ஒரு குறையாகத் தெரியவில்லை. பொருள் ஒரு திருகாணி, ஒரு மூடி, ஒரு பிடி. முதலாளி ஒருவர். எழுவாய் யார் என்று சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். தோன்றா எழுவாய் என்று படித்தோமே, அதுதான். சொல்லாவிட்டாலும் வாக்கியம் குழப்பமில்லாமல் நிற்கும்.

இத்தனைக்கும் அந்த நிறுவனத்திலிருந்தே வருகிற ஒரு கதை வேறொன்றைச் சொல்கிறது. வகுப்பில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். சாயத்தில் முக்கியெடுத்த பாகங்கள் தொங்கிக்கொண்டு போகும் இடத்தில், தரையில் விரிக்க ஆஸ்பெஸ்டாஸ் தேவைப்பட்டது. போரை ஒட்டிய தட்டுப்பாட்டுக் காலம், கிடைக்கவில்லை. விற்பவர், "அதை எதற்கு விரிக்கிறீர்கள்?" என்று கேட்டார். சொட்டும் சாயத்திலிருந்து தரையைக் காக்க வேண்டும், தீப்பிடிக்கவும் கூடாது. அதற்கு எரியாத காகிதம் இருக்கிறது, விலையும் மலிவு என்றார். ஃபங்ஷன் ஒரே உரையாடலில் தெரிந்துவிட்டது. ஆனால் தீத்தடுப்புக் குழு ஒப்புக்கொள்ளவில்லை. விதியில் ஆஸ்பெஸ்டாஸ் என்றுதான் எழுதியிருக்கிறது என்றார்கள். அந்த விதியை மாற்றிய பிறகுதான் காகிதத்தை விரிக்க முடிந்தது. நாம் இந்தக் கதையை 'ஃபங்ஷனைக் கேட்பதன் மகிமை' என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். குழுவின் பக்கம் போய் நிற்பதே இல்லை. காகிதத்தைக் கண்டுபிடிப்பது சுலபமாக இருந்தது. விதியைக் காக்கிறவர்களுக்கு எது பயம் என்று கண்டுபிடிப்பதுதான் வேலையாக இருந்தது. நம் ஜாப் பிளானில், அதாவது தகவல் திரட்டுவது முதல் பரிந்துரை வரை நாம் பின்பற்றும் படிவரிசையில், இரண்டாவதற்கு ஒரு கட்டமே கிடையாது.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். அது நடந்த பிறகுதான் நானே மென்முறைகளைத் தேடிப் போனேன். பல வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக் கட்டடத்துக்கு மூன்று நாள் வொர்க்‌ஷாப் நடத்தினேன். அடிப்படை ஃபங்ஷன் 'நோயாளியைப் பரிசோதி' என்று அரை மணி நேரத்தில் முடிவானது. காத்திருப்புக் கூடம் துணை ஃபங்ஷன் பக்கம் போனது. டோக்கன் முறை வந்தால் இவ்வளவு பெரிய கூடம் தேவையில்லை என்று பரப்பில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தோம். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். கட்டடம் திறந்து சில வாரங்களில் ஜனங்கள் மாடிப்படியிலும் நடைவழியிலும் உட்கார்ந்திருந்தார்கள். ஸ்ட்ரெச்சர் போக வழியில்லை. சுற்றுக் கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவர்கள் அவர்கள். கூட ஒருவராவது, இருவராவது வருவார்கள். டாக்டர் பார்த்து முடித்தாலும் மத்தியானப் பஸ் வரும்வரை போக்கிடம் இல்லை. கொண்டுவந்த சோற்றை அங்கேதான் சாப்பிட வேண்டும். கர்ப்பிணிகளுக்கு நர்ஸ் சொல்ல வேண்டியதைச் சொல்வதும் அந்தக் கூடத்தில்தான். கடைசியில் வெளியே தகரக் கொட்டகை ஒன்று போட்டார்கள். நாங்கள் மிச்சம் பிடித்ததில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது.

இதில் எனக்கு இன்றும் உறுத்துவது ஒன்று உண்டு. அந்த வொர்க்‌ஷாப்பில் நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அம்மா மூன்று நாளும் உட்கார்ந்திருந்தார். பேசவே இல்லை. கொட்டகை போட்ட பிறகு போய்க் கேட்டேன். "நீங்க ஃபங்ஷன் என்னன்னு கேட்டீங்க, டாக்டருங்க சொன்னாங்க. எங்க வேலை என்னன்னு யாரும் கேக்கலியே சார்" என்றார். 'நோயாளியைப் பரிசோதி' என்ற வாக்கியத்தின் தோன்றா எழுவாய் டாக்டர். அந்த அறையில் இருந்த எல்லோரும் அதைச் சொல்லாமலே ஏற்றுக்கொண்டிருந்தோம், அந்த அம்மா உட்பட.

செக்லாண்டுக்கும் இப்படி ஓர் இடறல்தான் தொடக்கம். ஐசிஐ என்ற பெரிய ரசாயன நிறுவனத்தில் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, 1969இல் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர் அவர். பொறியியலில் நன்றாக ஓடிய சிஸ்டம்ஸ் முறையை நிர்வாகச் சிக்கல்களில் பயன்படுத்திப் பார்ப்பதுதான் திட்டம். 'நோக்கம் என்ன?' என்ற முதல் கேள்வியிலேயே வண்டி நின்றது. நோக்கம் எது என்பதுதான் அங்கே பிரச்சினையே. கான்கார்ட் விமானத் திட்டத்தில் அவருடைய குழு செய்த ஆய்வைப் பற்றி அவரே பின்னாளில் மனம்விட்டு எழுதினார். குறித்த காலத்தில், குறித்த செலவில், குறித்த தரத்தில் ஒரு விமானத்தை உருவாக்கும் பொறியியல் திட்டம் என்றே அதை எடுத்துக்கொண்டார்கள். ஆனால் 1962இல் பிரிட்டனும் பிரான்சும் போட்ட ஒப்பந்தத்தில், ஒரு நாடு தன் விருப்பத்துக்கு விலகிக்கொள்ள வழியே இல்லை. ஐரோப்பியப் பொதுச் சந்தைக்குள் நுழைய பிரிட்டன் முயன்றுகொண்டிருந்த காலம் அது. அரசாங்கத்தின் கண்ணில் கான்கார்டின் ஃபங்ஷன் 'பயணியைக் கடத்து' மட்டும் இல்லை. அதை விட்டுவிட்டு வேலை செய்தால் எந்தச் சேமிப்பு யோசனை ஏன் நகரவில்லை என்பது புரியவே புரியாது.

செக்லாண்ட் தந்த கருவிகளில் நம் வேலைக்கு மிகவும் ஒத்துவருவது ரூட் டெஃபினிஷன், ஓர் அமைப்பு என்ன செய்கிறது என்பதை ஒரே வாக்கியத்தில் சொல்வது. அதன் வாய்பாடு: இன்னதை, இன்னதால், இன்னதற்காக. கவனித்தீர்களா? ஐ, ஆல், கு. இரண்டாம், மூன்றாம், நான்காம் வேற்றுமைகள் வரிசையாக வருகின்றன. நம் ஃபங்ஷன் வாக்கியம் இரண்டாம் வேற்றுமையோடு நின்றுவிடுகிறது, இது இன்னும் இரண்டு படி ஏறுகிறது. தமிழில் வொர்க்‌ஷாப் நடத்தும்போது இதை நான் இந்த மூன்று உருபுகளைச் சொல்லியே விளக்குகிறேன். ஆங்கில எழுத்துகளைப் பலகையில் எழுதுவதைவிட இது சட்டென்று பிடிபடுகிறது. அதோடு அவர் முறையில் கேட்வோ (CATWOE) என்று சுருக்கிச் சொல்லும் கேள்விகள் ஆறும் சேர்ந்தால் எழுவாயும் வந்துவிடும். பயன் பெறுகிறவர் அல்லது பாதிக்கப்படுகிறவர் யார், செய்கிறவர் யார், எது எதுவாக மாறுகிறது, எந்தப் பார்வையில் இது அர்த்தமுள்ளதாகிறது, இதை நிறுத்திவிடக்கூடியவர் யார், மாற்ற முடியாதது என்று எதை ஏற்றுக்கொள்கிறோம். நேரம் குறைவு என்றால், நிறுத்திவிடக்கூடியவர் யார் என்ற ஒரே கேள்வியையாவது கேளுங்கள். உங்கள் பரிந்துரைகள் இப்போது யாருடைய மேசையில் இருக்கின்றன என்பதற்குப் பதில் அதில்தான் இருக்கிறது.

உங்கள் பேருந்து நிலையத்தையே எடுத்துக்கொள்வோம். நகராட்சியின் பார்வையில் ஒன்று: 'பேருந்து நிலையத்தின் இடத்தை, கடை ஏலத்தாலும் மாத வாடகையாலும், நகராட்சி வருமானத்துக்காக, காசு ஈட்டும் இடமாக்கும் அமைப்பு.' போக்குவரத்துக் கழகத்தின் பார்வையில் இன்னொன்று: 'உள்ளே வரும் பேருந்தை, ரேக் (பேருந்து நிற்கும் தடம்) ஒதுக்கீட்டாலும் நேரக் கட்டுப்பாட்டாலும், அடுத்த நடை தவறாமல் இருப்பதற்காக, சீக்கிரம் வெளியே அனுப்பும் அமைப்பு.' மூன்றாவது: 'இரவு பத்து மணிக்கு வெளியூர் பஸ்ஸிலிருந்து இறங்கும் பெண்ணை, வெளிச்சத்தாலும் ஆள் நடமாட்டத்தாலும், பயமில்லாமல் வீடு போய்ச் சேர்வதற்காக, டவுன் பஸ் வரும்வரை காக்கும் அமைப்பு.' மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 'கடை' என்ற ஒரே விஷயத்தை மட்டும் பாருங்கள். முதலாவதில் கடைதான் அடிப்படை. இரண்டாவதில் கடை இடைஞ்சல். சாமான் நடைமேடைக்கு வந்துவிடும், பயணி ரேக்குக்குள் இறங்கி நிற்பார், பஸ்ஸை ஒடிக்க முடியாது. மூன்றாவதில் அதே கடைதான் காவல். டீக்கடை திறந்திருந்தால் வெளிச்சம் இருக்கும், நாலு பேர் இருப்பார்கள். 'பேருந்தை நிறுத்து' என்று தொடங்கிய உங்கள் ஃபாஸ்டில் கடைகள் எங்கே விழுந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. துணை ஃபங்ஷன், செலவு அதிகம், குறை. உங்கள் திட்டம் நின்றது இதனால்தான் என்று இங்கிருந்தே நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் கடை எண்ணிக்கையைக் குறைக்கும் பரிந்துரை ஏதாவது பட்டியலில் இருந்தால், ஆணையர் அலுவலகத்தில் அதை யார் எப்படிப் படித்திருப்பார்கள் என்று விசாரித்துப் பாருங்கள்.

இப்படிப் பல டெஃபினிஷன்களை எழுதுவது எல்லோரையும் ஒன்றுக்குக் கொண்டுவருவதற்கு இல்லை. இதைப் புதிதாக வருகிறவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். செக்லாண்ட் கருத்தொற்றுமை என்ற சொல்லைத் தவிர்த்து வேறு சொல்லைத் தேடிப் பிடித்தார். நமக்குத் தமிழில் அந்தச் சிரமமே இல்லை. ஒத்துக்கொள்வது வேறு, ஒத்துப்போவது வேறு. கழகக் கிளை மேலாளர் கடைகள் நல்லவை என்று ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. ரேக் பக்கம் முகம் இல்லாமல் சாலைப் பக்கம் திறக்கும் கடை வரிசையோடு அவரால் ஒத்துப்போக முடியுமா? நகராட்சிக்கு அதே வாடகை வருமா? இரவு விளக்கு எந்தப் பக்கம் விழும்? இந்த மாதிரிக் கேள்விக்கு வந்துவிட்டீர்கள் என்றால், அங்கிருந்து நம் பழைய ஜாப் பிளான் அழகாக ஓடும். யோசனை தேடுவதிலும் மதிப்பிடுவதிலும் நம்மை மிஞ்ச ஆளில்லை.

சரி, இதையெல்லாம் எப்போது செய்வது? வொர்க்‌ஷாப்பின் முதல் நாள் காலையில் கண்டிப்பாக இல்லை. அதற்கு முந்தைய இரண்டு வாரங்களில், ஒவ்வொருவரையும் தனித்தனியாக அவர் இடத்திலேயே போய்ப் பார்த்துச் செய்ய வேண்டும். இருபது பேர் இருக்கும் அறையில், தன் மேலதிகாரி முன்னால், ஒரு உதவிப் பொறியாளர் மனதில் இருப்பதைச் சொல்ல மாட்டார். மேலதிகாரியும் தனக்குக் கீழே உள்ளவர்கள் முன் தன் சந்தேகத்தைச் சொல்ல மாட்டார். உங்கள் படத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோருக்கும் அது சிரிப்பாக இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். படத்தில் ஏதோ ஒரு மூலையில் அவர்களுடைய சங்கடம் ஒன்று இருந்திருக்கலாம். ரிச் பிக்சரில் சண்டைக்கு இரண்டு வாள்களைக் குறுக்காகப் போடுவது வழக்கம். இரு துறைகளுக்கு நடுவில் அப்படிப் போட்ட படத்தை, அந்த இரு துறைக்காரர்களும் உட்கார்ந்திருக்கும் அறையில் ஒட்டினால் வேறு என்ன செய்வார்கள்? ரிச் பிக்சரை உங்களுக்காக, உங்கள் நோட்டுப் புத்தகத்தில் வரையுங்கள். தனியாகப் பேசும்போது, 'நீங்கள் சொன்னதை இப்படிப் புரிந்துகொண்டேன்' என்று அவர் பகுதியை மட்டும் காட்டித் திருத்தச் சொல்லுங்கள். திருத்துவார்கள். பேனாவைக் கையில் வாங்கி வரைந்தவர்களையே பார்த்திருக்கிறேன்.

அந்தத் தனிப் பேச்சுக்கு காலின் ஈடனின் காக்னிடிவ் மேப்பிங் நல்ல துணை. முதலில் பாத் பல்கலைக்கழகத்திலும் பிறகு ஸ்ட்ராத்கிளைட் பல்கலைக்கழகத்திலும் இருந்தவர் அவர். ஒருவர் சொல்வதை அவர் சொன்ன சொல்லிலேயே சிறு சிறு வரிகளாக எழுதி, எது எதற்கு இட்டுச்செல்கிறது என்று அம்பு போடுவது. இதில் இரண்டு விஷயங்களைப் பழகிக்கொண்டால் போதும். ஒன்று, ஒவ்வொரு கருத்துக்கும் எதிர்முனையைக் கேட்பது. "பெரிய நிலையம் வேணும்" என்கிறாரா? "எதுக்குப் பதிலா?" என்று கேளுங்கள். ஒருவர் "இப்ப இருக்கிற நெரிசலுக்குப் பதிலா" என்பார். இன்னொருவர் "பக்கத்து ஊர்ல கட்டினதைவிடச் சின்னதா இல்லாம" என்பார். ஒரே வரி, இரண்டு வேறு உலகங்கள். இரண்டாவது, அம்பின் மேல் பக்கம் போக 'ஏன்', கீழ்ப் பக்கம் போக 'எப்படி'. இது உங்களுக்குப் புதிதா என்ன? சார்லஸ் பைத்வே 1960களில் ஃபாஸ்டை உருவாக்கியபோது வைத்த கேள்விகளும் இவையே. இந்த இரண்டு உலகங்களும் சேரும் மூட்டு இதுதான் என்று நான் நம்புகிறேன். ஈடனின் வரைபடத்தில் ஏணி பலவாகக் கிளைக்கலாம், உச்சியில் முரண்பட்ட நோக்கங்கள் நிற்கலாம். ஃபாஸ்டில் குழு சேர்ந்து ஒரு பாதையைத் தேர்ந்தெடுக்கிறது. முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதற்குப் போனால், எந்தெந்தப் பாதைகளை விட்டுவிட்டு இதைத் தேர்ந்தோம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும். பேச்சுக்கு ஆளுக்கு நாற்பது, ஐம்பது நிமிடம் போதும். எட்டு முதல் பத்து பேர். வரைபடங்களைச் சேர்க்கும்போது யார் சொன்னது என்பதை எடுத்துவிடுங்கள். அது கட்டாயம். ஒருமுறை அந்த நம்பிக்கை உடைந்தால் அந்த அலுவலகத்தில் மறுபடி யாரும் உங்களிடம் பேச மாட்டார்கள்.

அந்தப் பத்துப் பேரில் அதிகாரிகள் மட்டும் இருந்தால் மேலே சொன்னதெல்லாம் பாதிதான் பயன்படும். மென்முறைகள் மீது நியாயமாக வைக்கப்பட்ட விமர்சனமே இதுதான்: அதிகாரம் உள்ளவர்கள் கூடிப் பேசி ஒத்துப்போனால் போதும் என்று விட்டுவிடுகிறது. சிஸ்டம்ஸ் சிந்தனையாளர் வெர்னர் உல்ரிச் 1983இல் வைத்த கேள்வியை நான் ஒவ்வொரு திட்டத்திலும் கேட்டுக்கொள்கிறேன். இதனால் பாதிக்கப்படுகிறவர்களில் இந்த அறைக்குள் இல்லாதவர் யார், அவர்களுக்காக யார் பேசுகிறார்? உங்கள் நிலையத்தில் விடியற்காலையில் பூக்கூடையோடு இறங்குகிறவர்கள், கட்டணக் கழிப்பறையை நடத்துகிறவர், ஷேர் ஆட்டோக்காரர்கள், கண்டக்டர்கள். இவர்களை வொர்க்‌ஷாப்புக்குக் கூப்பிட்டு ஓரத்தில் உட்கார வைப்பதில் அர்த்தமில்லை. நீங்கள் அங்கே போய் நில்லுங்கள். ஒரு விடியற்காலை, ஒரு பின்னிரவு.

வொர்க்‌ஷாப்பின் கடைசிப் பகுதிக்கும் ஒரு கருவி உண்டு. நம் அறிக்கைகளில் பரிந்துரைகளுக்கு எதிரே ஏற்பு, நிராகரிப்பு என்று இரண்டு கட்டம் போடுகிறோம். நிஜத்தில் பெரும்பாலானவை மூன்றாவது கட்டத்தில்தான் விழும்: அப்புறம் பார்க்கலாம். ஜான் ஃபிரெண்டும் அவருடைய கூட்டாளிகளும் 1960களில் இங்கிலாந்தின் கவன்ட்ரி நகராட்சியில் உட்கார்ந்து, முடிவுகள் எப்படி எடுக்கப்படுகின்றன என்று பார்த்து உருவாக்கிய ஸ்ட்ராடஜிக் சாய்ஸ் முறை, இந்த 'அப்புறம்' என்ற சொல்லைப் பிரித்துப் பார்க்கிறது. தகவல் போதவில்லையா? அப்படியானால் மண் பரிசோதனையோ பயணிகள் கணக்கெடுப்போ தேவை. எது முக்கியம் என்பதில் தெளிவில்லையா? ஆய்வு எவ்வளவு செய்தாலும் தீராது, மேலே போய்க் கொள்கை முடிவு கேட்க வேண்டும். வேறு ஒருவர் எடுக்க வேண்டிய முடிவுக்காகக் காத்திருக்கிறோமா? அவரோடு போய்ப் பேச வேண்டும். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. நாம் எல்லாவற்றுக்கும் 'மேலும் ஆய்வு தேவை' என்று எழுதிவிடுகிறோம். புறவழிச்சாலை எப்போது வரும் என்று தெரியாததால் நிற்கும் முடிவுக்கு ஆயிரம் பயணிகளைக் கணக்கெடுத்து என்ன பயன்? ஒவ்வொரு பரிந்துரைக்கும் எதிரே இப்போதே செய்வது, தெரிந்துகொள்ள வேண்டியது, தள்ளிவைத்த முடிவு, அதை எப்போது யார் எடுப்பது என்று எழுதிக் கொடுங்கள். இந்த ஒரு மாற்றத்தை நாளைக்கே செய்யலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள்.

இனி உங்கள் மேலாளர். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதை முதலில் ஏற்றுக்கொள்ளுங்கள். எல்லா வேலைக்கும் இது வேண்டாம். ஒரு தகரப் பிராக்கெட்டின் விலையைக் குறைக்க வேண்டும், ஓர் அட்டைப் பெட்டியின் பொருளை மாற்ற வேண்டும், எழுவாய் யார் என்று எல்லோருக்கும் தெரியும் என்றால் மைல்ஸின் கேள்விகளே போதும். அங்கே போய் ரூட் டெஃபினிஷன் எழுதினால் கிளையன்டின் நேரத்தை வீணடிப்பது நாம்தான். அப்புறம், இது நம் தொழிலுக்கு வெளியே இருந்து இழுத்து வரும் விஷயம் இல்லை என்பதையும் அவருக்குச் சொல்லலாம். 1990களிலேயே ரீடிங் பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் கிரீன், கட்டடத் திட்டத்தின் தொடக்கத்தில் ஒரே நோக்கம் தயாராக உட்கார்ந்திருப்பதில்லை, பங்கேற்பவர்கள் பேசித்தான் அதை உருவாக்குகிறார்கள் என்று வாதாடி, அதற்கேற்ற எளிய வேல்யூ மேனேஜ்மென்ட் முறையை வகுத்தார். 2000இல் வந்த ஐரோப்பியத் தரநிலை ஈஎன் 12973, மதிப்பு என்பதைத் தேவைகள் நிறைவேறுவதற்கும் அதற்குச் செலவாகும் வளங்களுக்கும் உள்ள உறவாகச் சொன்னது. மனித உறவுகளின் இயக்கத்தையும் சூழலையும் முறைகளுக்கும் கருவிகளுக்கும் சமமாக வைத்துப் பேசியது. யாருடைய தேவை என்று தெரியாமல் அந்த உறவை எப்படி அளப்பது?

ஆனால் வாதத்தால் மட்டும் மேலாளர்கள் மாற மாட்டார்கள், மாற வேண்டியதும் இல்லை. அவரிடம் புது முறை என்ற பேச்சையே எடுக்காதீர்கள். பெயர் எதுவும் வேண்டாம். அடுத்த திட்டத்துக்கான விலைப்புள்ளியில் 'முன்தயாரிப்பு நேர்காணல்கள், ஆறு நாள்' என்று ஒரு வரி சேருங்கள். எந்தக் கிளையன்டும் தயாரிப்பை வேண்டாம் என்று சொல்வதில்லை. வொர்க்‌ஷாப்பை அரை நாள் குறைத்தால் செலவும் கிட்டத்தட்ட ஈடாகும். நேர்காணல் நன்றாக நடந்திருந்தால், தகவல் திரட்டும் கட்டம் அறைக்குள் அவ்வளவு நேரம் எடுக்காது. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் உறுதியாக நில்லுங்கள். தொடக்க நிலைத் திட்டத்துக்கு, சேமிப்பில் இத்தனை சதவீதம் என்று கட்டணம் பேச விடாதீர்கள். அப்படிப் பேசிவிட்டால், கூடத்தைப் பெரிதாக்க வேண்டும் என்று ஆய்வு சொன்னாலும் அதை எழுத உங்கள் நிறுவனத்தின் கை தயங்கும். ஏற்ற வேண்டிய இடத்தில் செலவை ஏற்றச் சொல்லும் சுதந்திரம் இல்லாதவர் மதிப்பைப் பற்றிப் பேச முடியாது. எழுத்துப்பூர்வமான கணக்கும் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பரிந்துரை தந்தோம் என்பதோடு, ஒரு வருடம் கழித்து எத்தனை நடைமுறைக்கு வந்தன என்று. உங்கள் மேலாளரைப் பேச வைக்கப்போவது அந்த இரண்டாவது எண்தான்.

இப்போது நின்றுகிடக்கும் பேருந்து நிலையத்துக்கும் நேரம் கடந்துவிடவில்லை. மூன்று மாதம் என்பது ஒரு கோப்புக்கு நீண்ட காலம் இல்லை. ஆணையரிடம் போவதற்கு முன்னால் வருவாய்ப் பிரிவில் கடை ஏலத்தைப் பார்த்துக்கொள்கிறவரையும், கழகத்தின் கிளை மேலாளரையும், நிலையத்தின் டைம் கீப்பரையும் தனித்தனியாகப் பாருங்கள். படத்தைப் பார்த்துச் சிரித்தாரே, அந்த மூத்த பொறியாளரையும் அவசியம் பாருங்கள், கடைசியாக. அதற்குள் மற்றவர்கள் சொன்னதில் நாலு விஷயமாவது உங்கள் கையில் இருக்கும், அவருக்கும் அவற்றில் ஒன்றிரண்டு புதிதாக இருக்கும். போகும்போது பரிந்துரைப் பட்டியலை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அதை வைத்துத் தற்காத்துப் பேசத்தான் தோன்றும். வெறும் நோட்டும் பேனாவும் போதும். "இந்த பஸ் ஸ்டாண்டு நல்லா கட்டி முடிஞ்சா, உங்க வேலையில காலையில முதல்ல என்ன மாறும்?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் இருங்கள். டைம் கீப்பர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.